ஆறாம் அத்தியாயம்: பின்களத்துக்கு ஆள் எடுத்தல்

எட்டுப் பேர் கூடி ஃபண்டசி பிரிமியர் லீக்கின் ட்ராஃப்ட் ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹாலண்ட் ஒருவர்தான். முதல் தெரிவு யாருக்கு விழுகிறதோ அவர் ஹாலண்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மற்ற ஏழு பேரும் அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை, அது குலுக்கல். உங்கள் உழைப்பு பலன் தருகிற இடம் பின்களம். 15 பேர் கொண்ட அணியில் ஒவ்வொருவரும் 5 பின்கள வீரர்களை எடுத்தாக வேண்டும், ஒவ்வொரு கிழமையும் குறைந்தது 3 பேரை இறக்கியாக வேண்டும். அப்படியிருந்தும் கண்டியில் நான் பார்த்த ட்ராஃப்ட்கள் பலவற்றில் பின்களத்துக்கு ஆள் எடுப்பது கடைசி அரைமணி நேர வேலையாகத்தான் இருக்கிறது. பத்தாம் சுற்று தாண்டியதும் களைப்பு வந்துவிடும். யாராவது ஒருவர் ரோல்ஸ் வாங்கக் கீழே இறங்கியிருப்பார். "மச்சான், லிவர்பூலில் யார் மிச்சம்?" என்று கேட்டு, இருக்கிற பெயரைப் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். கழகத்தின் பெயரைப் பார்த்துப் பின்கள வீரரை எடுக்கிற அந்தப் பழக்கத்தை நீங்கள் விட வேண்டும் என்பதற்காகவே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

முன்பு அந்தப் பழக்கத்தில் நியாயம் இருந்தது. பின்கள வீரருக்குப் புள்ளி வந்த வழிகளை நினைத்துப் பாருங்கள். 60 நிமிடம் ஆடினால் 2, அதற்குக் குறைய ஆடினால் 1. 60 நிமிடம் ஆடி, அவர் களத்தில் நிற்கும்வரை அணி கோல் விடாவிட்டால் கிளீன் ஷீட்டுக்கு 4. கோல் அடித்தால் 6, கோலுக்கு உதவினால் 3. அணி விடும் ஒவ்வோர் இரண்டு கோலுக்கும் 1 கழியும். மஞ்சள் அட்டைக்கு 1, சிவப்பு அட்டைக்கு 3 கழியும். ஆட்டத்தின் சிறந்த மூவருக்கு 3, 2, 1 என்று போனஸ். இந்தக் கணக்கில் பெரிய தொகை கிளீன் ஷீட்தான். அது அணியின் சொத்து, கோல் காப்பாளரும் பின்கள வீரர்கள் எல்லாரும் ஒரே அளவில் பங்கு வாங்குவார்கள். ஆகவே கோல் விடாத கழகத்தில் எவரை எடுத்தாலும் சரி என்றாகிவிட்டது. 2018/19இல் லிவர்பூல் 38 ஆட்டங்களில் 22 கோல்கள்தான் விட்டது. கோல் காப்பாளர் அலிசன் 21 கிளீன் ஷீட் வைத்திருந்தார். அந்த அணியின் இடதுபுறப் பின்கள வீரர் அன்டி றொபேட்சன் ஒரு கோலும் அடிக்கவில்லை, 11 கோல்களுக்கு உதவினார், 213 புள்ளி எடுத்தார். அப்படிப்பட்டவர் கிடைத்தால் இன்றைக்கும் எடுங்கள். ஆனால் அப்படிப்பட்டவர் ஒரு பருவகாலத்தில் இரண்டு மூன்று பேருக்கு மேல் இருப்பதில்லை. மிச்சமுள்ள முப்பது நாற்பது பேரைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

அந்த முப்பது நாற்பது பேரின் மதிப்பை 2025/26 பருவகாலத்தில் வந்த ஒரு விதி தலைகீழாக்கியது. ஒரே ஆட்டத்தில் ஒரு பின்கள வீரர் பந்தை ஆபத்திலிருந்து அடித்து விலக்கிய கிளியரன்ஸ், உதையைக் குறுக்கே விழுந்து மறித்த பிளாக், எதிரணியின் பாஸை நடுவில் புகுந்து வாங்கிய இன்டர்செப்ஷன், காலோடு காலாகப் பறித்த டக்கிள் ஆகிய நான்கையும் கூட்டினால் 10 வருமென்றால் அவருக்கு 2 புள்ளி. 10 என்றாலும் 2, 19 என்றாலும் 2. ஒன்பதில் நின்றுவிட்டால் ஒன்றுமில்லை. மத்தியகள வீரருக்கும் முன்கள வீரருக்கும் எல்லை 12. ஆனால் அவர்களுக்குச் சிதறிய பந்தை மீட்டெடுக்கும் ரிகவரியும் கணக்கில் சேரும். ஆடுகிறவர்கள் இதை டெஃப்கொன் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

இரண்டு ஆட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மைதானத்தில் பெரிய கழகம் ஒன்று 3–1 என்று வெல்கிறது. அதன் வலதுபுறப் பின்கள வீரர் 90 நிமிடமும் ஆடினார், நன்றாகவும் ஆடினார். பந்து பெரும்பாலும் எதிரணியின் பாதியில்தான் இருந்ததால் அவருக்குத் தடுக்கும் வேலை குறைவு. அவருக்கு 2 புள்ளி. இன்னொரு மைதானத்தில் சிறிய கழகம் ஒன்று 0–2 என்று தோற்கிறது. அதன் நடுப் பின்கள வீரர் 7 பந்தை அடித்து விலக்கினார், 2 உதையை மறித்தார், ஒன்றை இடைமறித்தார், ஒன்றைப் பறித்தார். மொத்தம் 11. ஆடியதற்கு 2, டெஃப்கொனுக்கு 2, இரண்டு கோல் விட்டதற்கு 1 கழிவு. அவருக்கு 3 புள்ளி. தோற்ற அணியின் ஆள் வென்ற அணியின் ஆளைவிட அதிகம் எடுத்தார். இது ஒரு நாள் அதிசயம் அல்ல. பருவகாலம் முழுதும் இப்படி நடந்துகொண்டே இருக்கும். 38 ஆட்டங்களில் பாதியில், அதாவது 19இல், எல்லையைத் தொடுகிற வீரருக்கு டெஃப்கொனால் மட்டும் 38 புள்ளி சேரும். 9 கிளீன் ஷீட்டின் பெறுமதி 36. நடுத்தரக் கழகம் ஒன்றின் முழுப் பருவகாலக் கிளீன் ஷீட் அளவுக்கு ஓர் ஆள் தன் தலையாலும் காலாலும் தனியாகச் சம்பாதித்துவிடுகிறார்.

கண்டிக்காரருக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. நித்தவெல மைதானத்தில் கண்டி விளையாட்டுக் கழகம் றக்பி ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பிரட்பி கேடயத்தில் திரித்துவக் கல்லூரியும் றோயலும் 1945 முதல் மோதிவருவதைப் பற்றி வீட்டுக்கு வீடு பேசுகிற ஊர் இது. ட்ரை வைத்த விங்கரைத் தோளில் தூக்குவார்கள், ஆனால் ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது பெரியவர்கள் பேசுவது தன் கோட்டுக்குப் பக்கத்தில் திரும்பத் திரும்ப ஆளை விழுத்திய பிளாங்கரைப் பற்றி. எழுந்து, ஓடி, மறுபடி விழுத்தி, மறுபடி எழுந்த அந்த ஆளை நம்முடைய கண் தானாகவே எண்ணிப் பழகியிருக்கிறது. கிரிக்கெட்டிலும் நாம் இதைப் பார்த்தவர்கள்தான். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி தந்த முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டுகளில் 77 மஹேல ஜயவர்தனவின் கைகளில் விழுந்தவை. ஸ்கோர் அட்டை இருவர் பெயரையும் எழுதியது. உதைபந்தாட்டத்தில் கோல் அடித்தவர் பெயர் மட்டுமே நெடுங்காலம் எழுதப்பட்டது. தடுத்தவரின் வேலைக்கு இப்போதுதான் ஃபண்டசி ஆட்டத்தில் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள். றக்பி பார்க்கிற அதே கண்ணோடு அந்தப் பத்தியைப் படியுங்கள்.

அமெரிக்கர்கள் இந்தப் பாடத்தை முன்பே படித்துவிட்டார்கள். அவர்களுடைய ஊர் உதைபந்தாட்டத்துக்கான ஃபண்டசி ஆட்டத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1962இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் கழகத்தின் பங்காளர்களில் ஒருவரான பில் விங்கென்பாக்கும் நண்பர்களும் விதிகளை எழுதினார்கள், 1963இல் முதல் ட்ராஃப்ட் நடந்தது. அந்த முதல் லீக்கிலேயே தடுப்பாட்டக்காரர்களையும் ஆள் ஆளாக எடுத்தார்கள். பின்னாளில் பெரும்பாலான லீக்குகள் ஒரு கழகத்தின் முழுத் தடுப்பையும் ஒரே பொட்டலமாக எடுக்கும் வழக்கத்துக்கு மாறின. ஆயினும் தனித்தனித் தடுப்பாட்டக்காரரை எடுக்கும் லீக்குகள் அங்கே இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஊறியவர்கள் சொல்வது இதுதான்: பெயர்போன ஆளைத் தேடாதே, அதிகம் வேலை வந்து சேரும் இடத்தில் நிற்கிற ஆளைத் தேடு. டக்கிளுக்குப் புள்ளி தரும் லீக்கில் நடுவில் நின்று ஓடி ஓடி விழுத்துகிற லைன்பேக்கர், எப்போதாவது ஒரு பெரிய அடி அடிக்கும் நட்சத்திரத்தைவிட நிம்மதியான வருமானம். பிரிமியர் லீக்குக்கும் இது அப்படியே பொருந்துகிறது.

சரி, வேலை எங்கே வந்து சேர்கிறது? முதலில் நடுப் பின்கள வீரரிடம். ஓரத்திலிருந்து உயர்ந்து வரும் ஒவ்வொரு கிரொஸும், மூலை உதையும், நீண்ட த்ரோ-இன்னும் அவர் தலையைத் தேடித்தான் வருகிறது. 2025/26இல் நீண்ட த்ரோ-இன் பிரிமியர் லீக்குக்குத் திரும்பி வந்தது. பெட்டிக்குள் பந்தை எறிவதை கழகம் கழகமாகப் பயிற்சி செய்தார்கள். அப்படி எறியப்படும் ஒவ்வொரு பந்தும் எதிரே நிற்கும் நடுப் பின்கள வீரருக்கு ஒரு கிளியரன்ஸ் வாய்ப்பு. ஓரத்துப் பின்கள வீரருக்கு டக்கிள் வரும், ஆனால் கிளியரன்ஸ் குவியாது. ஆகவே பத்தைத் தொடுவது கடினம். ஓரத்து ஆளை எடுப்பதென்றால் கோலுக்கு உதவுவார், ஃபிரீ கிக் அடிப்பார் என்ற காரணத்துக்காக எடுங்கள், டெஃப்கொனை எதிர்பார்த்து எடுக்காதீர்கள்.

இரண்டாவது, ஆழமாக நின்று காக்கிற அணியிடம். பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்துத் தன் பெட்டியைச் சுற்றி மதிலாக நிற்கும் அணியின் பின்களத்துக்கு இரவு முழுதும் வேலை. 2024/25இன் நொட்டிங்ஹம் ஃபொரெஸ்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பயிற்றுநர் நூனோவின் கீழ் முரில்யோவும் மிலென்கோவிச்சும் பெட்டிக்குள் வந்த எல்லாவற்றையும் வெளியே அனுப்பினார்கள். கழகம் ஏழாவது இடத்தில் முடித்தது. கோல் காப்பாளர் செல்ஸ் 13 கிளீன் ஷீட்டுடன் ஆர்சனலின் ராயாவோடு கோல்டன் குளோவைப் பகிர்ந்துகொண்டார். மிலென்கோவிச் 5 கோலும் அடித்தார். வேலையும் உண்டு, கிளீன் ஷீட்டும் உண்டு, மூலை உதையில் தலையும் உண்டு என்று மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்த பருவகாலம் அது. ஆனால் அதே கழகத்துக்கு அடுத்த பருவகாலம் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 2025 செப்டெம்பரில் நூனோ போனார், போஸ்டெகொக்லு வந்தார், 39 நாட்களில் அவரும் போனார், ஒக்டோபரில் ஷோன் டைச் வந்தார். மதிலாக நில் என்று சொல்கிற பயிற்றுநரும் மேலே ஏறி நில் என்று சொல்கிற பயிற்றுநரும் ஒரே ஆளுக்கு வெவ்வேறு வேலையைக் கொடுக்கிறார்கள். பின்கள வீரரை எடுக்கும்போது அவருடைய பயிற்றுநரையும் சேர்த்துத்தான் எடுக்கிறீர்கள். பயிற்றுநர் மாறினால் அடுத்த இரண்டு மூன்று ஆட்டத்தின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு ஆளை வைப்பதா விடுவதா என்று தீர்மானியுங்கள்.

எவர்டனின் டார்கோவ்ஸ்கி போன்றவர்கள்தான் இந்த விதிக்கென்றே பிறந்தவர்கள். ட்ராஃப்ட்டில் அவர் பெயரைச் சொன்னால் யாராவது ஒருவர் நிச்சயம் "எவர்டன்காரனா மச்சான்?" என்று கேட்பார். கேட்கட்டும். போண்மவுத்தின் செனெஸியையும் 2025/26 தொடங்கியபோது யாரும் பெரிதாகத் தேடவில்லை, முதல் சில கிழமைகளிலேயே டெஃப்கொன் பட்டியலில் மேலே வந்து நின்றார்.

இனி எண்ணிக்கையை எப்படிப் படிப்பது என்பதைச் சற்று நின்று பார்ப்போம். அதிகமானோர் வழுக்குவது இங்கேதான். ஒரு வீரரின் சராசரியைப் பார்த்து எடுக்காதீர்கள். இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதலாமவர் ஆறு ஆட்டங்களில் 9, 9, 10, 9, 9, 8 என்று செய்திருக்கிறார். சராசரி 9. இரண்டாமவர் 14, 4, 12, 5, 11, 6. சராசரி 9க்கும் குறைவு. பார்வைக்கு முதலாமவர் நிதானமானவர், நம்பத்தக்கவர். ஆனால் அவர் எல்லையைத் தொட்டது ஒரே முறை, கிடைத்தது 2 புள்ளி. இரண்டாமவர் மூன்று முறை தொட்டு 6 புள்ளி எடுத்தார். எத்தனை ஆட்டத்தில் பத்தைத் தொட்டார் என்ற எண்தான் உங்களுக்கு வேண்டியது. உத்தியோகபூர்வத் தளத்தில் ஒவ்வொரு வீரரின் பக்கத்திலும் ஆட்டம் ஆட்டமாக இந்தக் கணக்கு இருக்கிறது. ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து, நாற்பது நடுப் பின்கள வீரர்களின் பெயரை எழுதி, தொட்ட ஆட்டத்துக்கு ஒரு கோடு போடுங்கள். ஒரு போயா விடுமுறையில் பின்னேரத்துக்குள் முடிந்துவிடும். ட்ராஃப்ட்டுக்கு உங்கள் லீக்கில் வேறு யாரும் அந்தக் கொப்பியோடு வர மாட்டார்கள்.

கோடு போடும்போது பக்கத்தில் எதிரணியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வகை வீரரின் அழகு அங்கே தெரியும். பலமான அணியிடம் அடிவாங்குகிற நாளில் கிளீன் ஷீட் போகும், ஆனால் வேலை பெருகி 2 புள்ளி வரும். பலவீனமான அணியோடு ஆடுகிற நாளில் வேலை குறையும், ஆனால் கிளீன் ஷீட்டுக்கு 4 வரலாம். இரண்டும் ஒன்றாக விழுந்தால் ஆடியதற்கான 2ஐயும் சேர்த்து 8, போனஸ் கணக்கிலும் கிளியரன்ஸுக்கும் பிளாக்குக்கும் இடமுண்டு என்பதால் மேலும் ஓரிரண்டு கிடைக்கக்கூடும். அதனால் இத்தகைய வீரரை எதிரணி பார்த்துப் பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். மன்செஸ்டர் சிட்டியோடு ஆட்டம் என்று பயந்து வெளியே வைக்கிற நாளில்தான் அவர் பதினைந்து பந்தை விலக்கியிருப்பார்.

மேலே ஏறிவந்த கழகங்களிடம் கவனம் வேண்டும். பேர்ன்லி 2024/25 சம்பியன்ஷிப்பில் 46 ஆட்டங்களில் 16 கோல்கள்தான் விட்டது, 30 கிளீன் ஷீட் வைத்தது. அந்த எண்ணைக் கண்டு மயங்கியவர்கள் இருந்தார்கள். பிரிமியர் லீக்கில் முதல் ஆட்டத்திலேயே டொட்டன்ஹாம் அவர்களை 3–0 என்று வென்றது. கீழ்ப் பிரிவின் கிளீன் ஷீட் மேலே கூட வருவதில்லை. கூட வருவது வேலை, அதுவும் பலமடங்காக. ஆகவே புதிய கழகங்களின் நடுப் பின்கள வீரரைக் கடைசிச் சுற்றுகளில் டெஃப்கொனுக்காக எடுங்கள். அவர்களுடைய கோல் காப்பாளரையும் ஓரத்து வீரரையும் தொட வேண்டாம்.

மத்தியகளத்திலும் தடுப்பாட்டக்காரர் உண்டு. செல்சியின் கைசேடோ, ஃபொரெஸ்டின் எலியட் அன்டர்சன் போன்றோர் பந்தைப் பறிப்பதும் மீட்பதுமாக 90 நிமிடமும் ஓடுகிறவர்கள். மத்தியகள வீரருக்குக் கிளீன் ஷீட்டுக்கு 1தான், எல்லை 12. கோல் அடிப்பவர்கள் எல்லாம் போன பிறகு ஐந்தாவது மத்தியகள இடத்துக்கு இப்படி ஒருவர் இருப்பது நல்லது, ஒருவர் போதும். இவர்கள் அட்டை வாங்குகிறவர்கள் என்பதை மறக்க வேண்டாம். டெஃப்கொனுக்கு வந்த 2இல் மஞ்சள் அட்டை 1ஐத் தின்றுவிடும். முதல் 19 ஆட்டங்களுக்குள் ஐந்து மஞ்சள் அட்டை சேர்ந்தால் ஓர் ஆட்டம் வெளியே இருக்க வேண்டும். நான்கில் நிற்கிற ஆளுக்கு மாற்று ஆளைப் பெஞ்சில் தயாராக வையுங்கள்.

எந்தச் சுற்றில் எடுப்பது என்பது உங்கள் லீக்கில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. 20 கழகங்களில் கழகத்துக்கு நாலு பேர் என்று வைத்தால் வழக்கமாக ஆடுகிற பின்கள வீரர்கள் ஏறத்தாழ 80 பேர், அதில் பாதி நடுவில் நிற்பவர்கள். எட்டுப் பேர் லீக்கில் 40 பேர் எடுக்கப்படுவார்கள், 40 பேர் வெளியே இருப்பார்கள். வெளியே இருப்பவர்களிலும் நல்லவர்கள் இருப்பதால் அவசரம் இல்லை. பத்துப் பேர் என்றால் 50 போகும், நடுப் பின்கள வீரர்கள் வேகமாகக் கரைவார்கள். ட்ராஃப்ட் அனுமதிக்கிற உச்சம் 16 பேர். அப்போது 80 பேரும் எடுக்கப்பட்டு, வெளியே கிடப்பது பெஞ்சில் இருப்பவர்கள் மட்டுமே. அந்த அளவு லீக்கில் பின்களத்தை எட்டாம் சுற்றுக்குப் பிறகு பார்ப்போம் என்று விட்டால் பருவகாலம் முழுதும் அவதிப்படுவீர்கள்.

கண்டியில் பெரும்பாலும் எட்டு முதல் பத்துப் பேர்தான் சேர்கிறார்கள் என்பதால் அதற்கே என் பரிந்துரையைச் சொல்கிறேன். முதல் மூன்று சுற்றில் பின்களத்தைப் பார்க்கவே வேண்டாம், கோல் அடிக்கிற ஆட்களை எடுங்கள். நாலாம் சுற்றிலிருந்து ஆறாம் சுற்றுக்குள் ஒருவரை எடுங்கள். அவர் கிளீன் ஷீட் வைக்கிற கழகத்தில் இருக்க வேண்டும், மூலை உதையில் கோலும் அடிக்க வேண்டும். ஆர்சனலின் கப்ரியேல், லிவர்பூலின் வன் டைக் போன்ற ஆள். அப்படிப்பட்டவர் போய்விட்டால் அதே கழகத்தின் இன்னொரு பெயரை எடுத்து மனதை ஆற்றிக்கொள்ளாதீர்கள், அந்தச் சுற்றில் மத்தியகளத்துக்குப் போய்விடுங்கள். எட்டாம் சுற்றுக்கும் பன்னிரண்டாம் சுற்றுக்கும் நடுவே கொப்பியில் அதிகக் கோடு வாங்கிய மூவரை எடுங்கள், மூவரும் வெவ்வேறு கழகத்தில் இருக்கட்டும். ஐந்தாமவரைக் கடைசி இரண்டு சுற்றில் எடுத்தால் போதும். அந்த இடம் கிழமைக்குக் கிழமை மாறப்போகிற இடம்.

இடையில் ஒன்று நடக்கும். யாரோ ஒருவர் பின்கள வீரரை எடுப்பார், பயத்தில் அடுத்தவரும் எடுப்பார், நாலைந்து பேர் வரிசையாக எடுப்பார்கள். பாம்பு வரிசையில் சுற்று முன்னும் பின்னுமாகத் திரும்புவதால், உங்கள் முறை வருவதற்குள் பத்துப் பதினைந்து பெயர் போயிருக்கும். பதற வேண்டாம். அவர்கள் அந்த நேரத்தில் கழகப் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கொப்பியிலிருந்து ஒருவரோ இருவரோதான் போயிருப்பார்கள். அவர்கள் விட்டுவைத்த மத்தியகள வீரரை எடுங்கள்.

ட்ராஃப்ட் நாளைக் குறிக்கும்போது நாட்காட்டியையும் பாருங்கள். பிரிமியர் லீக் தொடங்குவது ஓகஸ்ட் நடுவில், எசல பெரஹரா நிகினிப் போயாவோடு நிறைவடையும். 2024இல் அந்தப் போயா ஓகஸ்ட் 19, லீக் தொடங்கியது ஓகஸ்ட் 16. அப்படி இரண்டும் மோதுகிற ஆண்டில் பின்னேரமானால் நகரத்துக்குள் வீதி மூடிவிடுவார்கள். கட்டுக்கலையில் கூடுவோம் என்று சொல்லிவிட்டு திகணையிலிருந்தும் கம்பளையிலிருந்தும் ஆட்களை வரச் சொல்ல முடியாது. பேராதனைப் பக்கமோ கட்டுகஸ்தோட்டைப் பக்கமோ ஒரு வீட்டைப் பாருங்கள், அல்லது எல்லாரும் வீட்டிலிருந்தே போனில் செய்யுங்கள். போனில் செய்தால் சிக்னல் விட்டுப்போகலாம், குறித்த நொடிக்குள் நீங்கள் தெரிவு செய்யாவிட்டால் தளம் தானாக ஒருவரைப் போட்டுவிடும். அதற்கு உங்கள் விருப்பப் பட்டியலை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்தால் அதிலிருந்து எடுக்கும். கொப்பியின் வரிசையை முதல்நாளே அந்தப் பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.

ட்ராஃப்ட் முடிந்த பிறகுதான் பின்களத்தின் உண்மையான வேலை தொடங்குகிறது. யாரும் எடுக்காத வீரரைக் கேட்டு விண்ணப்பிப்பதை வேய்வர் என்கிறார்கள். இருவர் ஒரே ஆளைக் கேட்டால் தரவரிசையில் பின்னால் இருப்பவருக்கே முதலில் கிடைக்கும். கிழமையின் கடைசி நேரத்துக்கு 24 மணி முன்னர் விண்ணப்பங்கள் தீர்க்கப்படும். அதன்பின் மிச்சமிருப்பவர்களை எவர் முந்துகிறாரோ அவர் எடுக்கலாம். கடைசி நேரம் என்பது முதல் ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி முன்பு. இதை நம்முடைய கடிகாரத்தில் எழுதி வையுங்கள். சனிக்கிழமை இங்கிலாந்தில் பகல் 12.30க்கு முதல் ஆட்டம் என்றால் நமக்குக் கடைசி நேரம் பின்னேரம் 3.30, வேய்வர் தீர்வது வெள்ளி 3.30. வெள்ளிக்கிழமை இரவு 8 மணி ஆட்டம் இருந்தால் கடைசி நேரம் நமக்கு வெள்ளி இரவு 11 மணி, வேய்வர் வியாழன் இரவு 11. ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரம் பின்னே போகும். அதிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை எல்லாவற்றோடும் ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

வேய்வர் கேட்பதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு. காயத்தாலோ தடையாலோ ஒரு கழகத்தின் நடுப் பின்கள வீரர் வெளியே போனால் அவர் இடத்துக்கு வருகிறவர் யார்? அந்த அணி ஆழமாக நிற்கிற அணியென்றால் வருகிறவருக்கும் அதே வேலைதான் கிடைக்கும், அவருடைய பெயர் யாருக்கும் தெரியாமல் இருக்கும். திங்கள் இரவே விண்ணப்பித்துவிடுங்கள். அடுத்தது, போன ஆட்டத்தில் 8, 9 என்று எல்லைக்குக் கீழே நின்றவர்கள். அவர்களுடைய புள்ளிப் பட்டியலில் 1, 2 என்றுதான் தெரியும், அதனால் உங்கள் லீக்கில் மற்றவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். மூன்று ஆட்டமாக எட்டும் ஒன்பதுமாக வந்து, அடுத்த இரண்டு ஆட்டம் பலமான அணிகளோடு என்றிருக்கும் ஆளை அந்த நேரத்தில் எடுங்கள். உங்கள் அணியில் அவருக்காக விடவேண்டியவர் பெரும்பாலும் கழகப் பெயருக்காக எடுத்த ஓரத்துப் பின்கள வீரராகத்தான் இருப்பார்.